பவுலினா ரிப்பேர் செய்த மெஷின்

ஆடிட்டர் சத்யப்ரியா கம்ப்யூட்டர் திரையைப் பவுலினா பக்கம் திருப்பி வைத்தார்.

"ஆஸ்பத்திரிச் சம்பளம் சரியா இருக்குது. சிங்கப்பூர் பேங்க் கணக்குக்கும் இந்த வருசம் தொல்லையில்ல. இது என்னாங்க? மெஷின் ரிப்பேர் பண்ணதுக்கு ஃபீஸுன்னு ஜூஜுவாடி ஒர்க்‌ஷாப்புல இருந்து மூணு தடவ வந்திருக்குது. வரியும் பிடிச்சு உங்க பான் நம்பர்ல கட்டியிருக்காங்க. நீங்க நர்ஸ்தானே?"

பவுலினா ஊசி போடுவாள், டிரிப் ஏற்றுவாள். லேத்து மெஷினுக்கு எந்தப் பக்கம் எண்ணெய் விடுவார்கள் என்றுகூட அவளுக்குத் தெரியாது. தெரிந்தவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கணவன் நெஸ்டர்.

நெஸ்டர் பிலிப்பைன்ஸ்காரன். சிங்கப்பூரில் மெஷின் மெக்கானிக்காக இருந்தவன். சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பார்த்துப் பழகி, இருவரும் அங்கேயே கல்யாணம் செய்துகொண்டார்கள். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து பவுலினா ஓசூருக்குத் திரும்பியபோது, மறுபேச்சுப் பேசாமல் கூட வந்தான். அவனுக்குக் கிடைத்த வீசாவில் இங்கே இருக்கலாம், வேலை பார்க்கக் கூடாது. கல்யாணம் இந்தியச் சட்டப்படி பதிவாகி இரண்டு வருடம் முடிந்தால் வேறு அட்டை கிடைக்கும். அது கிடைத்தால் வேலைக்குப் போகலாம். பூசை வைத்துத் தாலி கட்டியவர்கள் பதிவைத் தள்ளிப்போட்டுவிட்டார்கள். அந்தச் சோம்பலுக்கு இப்போது அவன் கை கட்டி உட்கார்ந்திருந்தான்.

சும்மா இருப்பதே சுகம் என்று சொன்னவர்கள் நெஸ்டரைப் பார்த்ததில்லை. வீட்டு மிக்ஸியைக் கழற்றி மாட்டினான். நன்றாக ஓடிய ஃபேனையும் கழற்றி மாட்டினான். காலையில் கம்பெனி பஸ்கள் ஆட்களை ஏற்றிப் போகும்போது கேட்டுக்கு உள்ளே நின்று பார்ப்பான். எதிர்வீட்டு நாராயணம்மா, "சிங்கப்பூர் மாப்பிள்ளை நல்லா ரெஸ்ட் எடுக்கறாரு" என்பாள். அர்த்தம் தெரியாமல் அவளுக்கும் ஒரு கும்பிடு போடுவான்.

அப்போதுதான், ஆஸ்பத்திரியில் பவுலினாவுக்குப் பழக்கமான மோகன்குமாரின் ஜூஜுவாடி ஒர்க்‌ஷாப்பில் ஜப்பான் மெஷின் நின்றுபோனது. கம்பெனி ஆள் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். "சார் சும்மா வந்து பாக்கட்டும் சிஸ்டர்" என்று மோகன்குமார் கெஞ்சினான். சாயங்காலமே மெஷின் ஓடியது. நெஸ்டர் கையெல்லாம் கிரீஸோடு வந்து, சோற்றை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். பவுலினாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அதனால்தான் மறுபடி இரண்டு முறை கூப்பிட்டபோதும் அவள் தடுக்கவில்லை.

பணம் அனுப்புகையில் மோகன்குமார் ஒரு பான் நம்பர் கேட்டான். நெஸ்டருக்கு ஏது பான்? தன் நம்பரை வாட்ஸப்பில் அனுப்பினாள். மோகன்குமார் ஏமாற்றுக்காரனாக இருந்திருந்தால் கையில் கொடுத்துவிட்டு மறந்திருப்பான். அவனோ யோக்கியன், இன்ன வேலைக்கு இன்ன பணம் என்று எழுதி, வரியையும் கட்டிவிட்டான். யோக்கியர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் போலிருக்கிறது.

"இத விட்டுட்டு ஃபைல் பண்ண முடியாதுங்களா மேடம்?"

"நோட்டீஸ் வரும்."

"மோகன்குமாரைத் திருத்தச் சொன்னா?"

"வேற யார் பேருக்குத் திருத்துவாரு?" சத்யப்ரியா ஒரு கணம்கூட நெஸ்டர் பக்கம் பார்க்கவில்லை. "உங்க வருமானம்னு நீங்க சொன்னா நான் போட்டுடறேன். யார் வேல செஞ்சாங்கன்னு நான் கேக்கல. நீங்களும் சொல்லாதீங்க. சொல்லிட்டீங்கன்னா அப்பறம் நான் தெரியாத மாதிரி எழுத முடியாது."

அடுத்த மாதம் நெஸ்டரின் வீசாவை நீட்டிக்க வேண்டும். குடும்பம் எதில் நடக்கிறது என்று காட்ட, இதே வரி ரிட்டர்னின் நகலை வீசா ஆபீஸில் கேட்டிருந்தார்கள்; அதைச் சொல்லித்தான் ஆடிட்டரிடம் வந்திருந்தாள். அவன் பேர் இதில் வந்தால், வேலை பார்த்தவன் என்று அவளே எழுதிக் கொடுத்ததாகும். போகச் சொல்லிவிடுவார்கள். படுக்கையில் கிடக்கும் அம்மாவை விட்டு அவளால் அவன் பின்னால் போகவும் முடியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. இதில் ஒரு சொல்லைக்கூட அவள் நெஸ்டரிடம் சொல்லியிருக்கவில்லை. அந்த மூன்று நாள் சந்தோஷம்தான் இப்போது கழுத்தைப் பிடிக்கிறது என்று எந்த வாயால் சொல்வாள்?

தொண்டையைச் செருமிக்கொண்டாள். "அது வந்து மேடம், என்னோட..."

நெஸ்டர் முன்னால் சாய்ந்தான். திரையில் ஆங்கிலத்தில் இருந்த ஒர்க்‌ஷாப் பேர் அவன் கண்ணில் பட்டுவிட்டது. முகம் மலர்ந்தது. அந்த வரிமேல் விரலை வைத்தான்.

"மேடம், இது நான். என் வேலை."

தமிழில் சொன்னான். மோகன்குமாரிடம் ஒரு வழக்கம் உண்டு. வேலை நன்றாக வந்தால், "யார் வேலைப்பா இது?" என்று உரக்கக் கேட்பான், செய்தவன் நெஞ்சை நிமிர்த்தி, "என் வேலை" என்பான். அதை அங்கே கற்றிருக்கிறான். தமிழ் பேசு, பேசு என்று ஒரு வருடமாக அவள் மன்றாடியும் வாய் திறக்காதவன்.

சத்யப்ரியா கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"இனி உங்க பேர்ல நான் போட முடியாதுங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. "பாகலூர் ரோட்டுல எத்தனையோ ஆடிட்டர் இருக்காங்க. பாத்துக்குங்க. அங்க போறப்ப இவர வீட்லயே விட்டுட்டுப் போங்க."

நல்ல யோசனைதான். வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகலாம். கேட்டுக்கு உள்ளே.

நெஸ்டர் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "தப்பாச் சொல்லிட்டேனா?" என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டான்.

"இல்ல" என்றாள் பவுலினா. "சரியாத்தான் சொன்னே."

பிறகு ஆடிட்டர் பக்கம் திரும்பினாள். "அவர் பேர்லயே போடுங்க மேடம். அவர் செஞ்ச வேலை."

"வீசாவுக்கு இதத்தானே குடுக்கணும்? யோசிச்சுச் சொல்றீங்களா?"

"யோசிச்சா சொல்ல மாட்டேங்க."

சத்யப்ரியா பெருமூச்சு விட்டார். அவனுக்கு முதலில் பான் எடுக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொல்லி, பாஸ்போர்ட்டைக் கேட்டார். நெஸ்டர் குஷியாகப் பையைத் திறந்தான். பெரியவர்களிடம் எதையும் வலது கையால்தான் தர வேண்டும் என்று மாமியார் சொல்லிக் கொடுத்திருந்தாள். அதன்படியே, வீசா ஒட்டிய பக்கத்தைத் தானே பிரித்து, வலது கையால் நீட்டினான்.