பூஜ்ஜியம் ஏறிய வாரம்

ஆராய்ச்சிக்கூடத்து உதவியாளனுக்குப் பூஜ்ஜியம் என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரென்று யாருக்கும் நினைவில்லை. அவன் கோபித்துக்கொண்டதும் இல்லை. காலையில் வந்ததும் வராததுமாக, கையுறை மாட்டுவதற்கு முன்பே, ஒரு சின்னக் குழாயைத் திறந்து அதில் எச்சிலைத் துப்பிக் கொடுப்பான். கர்ப்பம் தங்குவதற்கு வேண்டிய புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஆண்களின் எச்சிலில் இருந்தும் இல்லாத மாதிரிதான். கருவி அவன் குழாய்க்குப் பூஜ்ஜியம் காட்டினால்தான் அன்றைக்கு மற்ற வேலை.

கருவி விஞ்ஞானியம்மாவுடையது. அந்த ஹார்மோனையே தின்று பிழைக்கும் ஒரு பாக்டீரியாவைச் சாக்கடை மண்ணில் கண்டுபிடித்து, ஹார்மோனை மோப்பம் பிடிக்கும் அதன் புரதத்தை மட்டும் தனியே பிரித்து வைத்திருந்தாள். புரதம் ஒரு டிஎன்ஏ துண்டை இறுகப் பிடித்திருக்கும். ஹார்மோன் வந்ததோ, பிடியை விட்டுவிடும். பச்சை ஒளி ஏறும். இது மட்டும் சரிவந்துவிட்டால் குழந்தைப்பேறு சிகிச்சைக்குப் போகும் பெண்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் ரத்தம் கொடுத்து மாள வேண்டாம். ஆறு வருட உழைப்பு. வெள்ளிக்கிழமை இயக்குநர் வந்து பார்த்து, மருத்துவமனைச் சோதனைக்கு அனுப்புவதா, கடையைக் கட்டச் சொல்வதா என்று முடிவு செய்வார்.

அந்த வாரமாகப் பார்த்துப் பூஜ்ஜியம் ஏறியது. திங்களன்று லேசாக. செவ்வாயன்று நன்றாகவே. புதனன்று கர்ப்பிணியின் அளவையும் தாண்டிப் போயிற்று.

“என்ன பூஜ்ஜியம், எத்தனாவது மாசம்?” என்று ஆய்வு மாணவி கேட்டதும் அறையே சிரித்தது. அவன் மட்டும் முகம் வெளிறி, குழாய் கழுவும் பக்கம் நழுவினான். விஞ்ஞானியம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. புரதத்தைப் புதிதாகப் பிரித்தாள், உப்புக் கரைசலை மாற்றினாள். ஒன்றுக்கும் அது மசியவில்லை.

“ஏன்டி இப்படி என் மானத்த வாங்குற?” என்று கடைசியில் புரதத்தையே திட்டினாள்.

வியாழன் காலை, துப்பும் வாயை மட்டும் பார்த்தோமே, மூடியைத் திறக்கும் கையைப் பார்த்தோமா என்று அவளுக்குத் தோன்றியது. புதுக்குழாயைத் தானே திறந்து நீட்டினாள்.

“தம்பி, கையைப் பின்னால கட்டிக்கிட்டுத் துப்பு.”

கருவி பூஜ்ஜியம் காட்டியது. அடுத்த குழாயின் தண்ணீரில் அவன் விரலை முக்கச் சொன்னாள். ஒளி அளவுகோலையே தாண்டியது.

“பாத்தியா, என் புரதம் பொய் சொல்லல!” என்று துள்ளியவள், சட்டென்று நின்றாள். “ஆமா, எதைத் தொட்டுட்டு வர்ற நீ?”

அவன் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

“வீட்டுல என் பொண்டாட்டிக்கு ஊசி மேடம். ஞாயித்துக்கிழமையிலேருந்து தினம் காலையில நான்தான் போட்டு விடுறேன். எண்ணெயில கரைச்ச இதே ஹார்மோன் மருந்து, கழுவினாலும் போக மாட்டேங்குது. ரெண்டு தடவ தங்காமப் போயிடுச்சு. இந்தத் தடவ மூணு மாசம் முடியறவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா. எங்கம்மாவுக்கே தெரியாது.”

“என் வாயிலேருந்து வராதுப்பா” என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை எல்லாம் கச்சிதம். ஆனால் இயக்குநர் கழுகுக் கண்காரர். குறிப்பேட்டைப் புரட்டி அந்த மூன்று நாட்களில் விரலை வைத்தார்.

“இது எப்படி வந்துச்சு? காரணம் தெரியாம நான் கையெழுத்துப் போட முடியாதும்மா.”

பின்வரிசையில் உதவியாளன் வாயைத் திறந்தான். அவள் முந்திக்கொண்டாள்.

“சாம்பிள் குழாய்ல விரல் வழியா ஹார்மோன் மருந்து பட்டுடுச்சு சார். கையுறை போட்டுத்தான் எடுக்கணும்னு நான் விதி வைக்கல. தப்பு என்னோடது.”

“மருந்து பாட்டிலை மேசையில சிந்தினீங்களா? நேத்து சேர்ந்த பொண்ணு கூட இப்படிப் பண்ண மாட்டாளே!”

ஒரு சொட்டு சிந்தினாலும் மாணவிகளை அழவைப்பவள் அவள். அத்தனை பேர் முன்னால் வாங்கிக்கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்து நின்றாள். வலித்தது. பொரிந்து முடித்த இயக்குநர் பேனாவைத் திறந்தார்.

“விரல்ல ஒட்டினதையே பிடிச்சிருக்குன்னா, உங்க புரதம் கெட்டிக்காரிதான்” என்று கையெழுத்துப் போட்டார்.

எல்லோரும் போனபின் உதவியாளன் தயங்கித் தயங்கி வந்தான்.

“எனக்காக நீங்க போய்த் திட்டு வாங்கிட்டீங்களே மேடம்.”

“வாங்கினா தேஞ்சா போயிடுவேன்? போய் வேலையப் பாரு.”

அவன் போகவில்லை.

“இப்பதான் அவகிட்ட போன்ல சொன்னேன். மூணு மாசம் முடிஞ்சு ஊசிய நிறுத்தினதும், உடம்பு தானா சுரக்குதான்னு பாப்பாங்களாம். ஆஸ்பத்திரியில ரத்தம் எடுக்கறது எடுக்கட்டும், ஆனா முதல்ல மேடம் மெஷின் சொல்லட்டும்ங்கறா.”

ஆறு வருடத்தில் எத்தனையோ கூட்டங்களில் எத்தனையோ பேருக்குக் கருவியை விளக்கியிருக்கிறாள். எனக்குப் பார்த்துச் சொல்லு என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. சுத்தமாக இருந்த கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டாள்.

“கூட்டிட்டு வாப்பா” என்றாள். “எந்த நேரமானாலும் சரி, நான் இங்கதான் இருப்பேன்.”