சீப்புக்கு விழுந்த ஓட்டு

"சொல்லுங்க, யாரு போட்டது?"

கேட்டுவிட்டுச் சிமெண்ட் கடைக்காரன் கைகூடக் கழுவாமல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தான். பரிமாறியது ஆறிக்கொண்டிருந்தது. தம்பி மனைவி சுவரோடு சுவராக நின்றாள். அம்மா மூலை நாற்காலியில் இருந்தாள். அவன் மனைவி, அதாவது தோற்றுப்போன இன்னொரு வேட்பாளர், அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றாள்.

ஆமாம், வேட்பாளர்தான். வார்டு தேர்தலில் அவளும் நின்றாள். நின்றாள் என்பதைவிட நிறுத்தப்பட்டாள் என்பதே சரி. கணவனுக்குக் குடைச் சின்னம், அவளுக்குச் சீப்பு. இன்னொரு வேட்பாளர் இருந்தால் வாக்குச்சாவடிக்குள் நம்ம ஆள் இன்னொருவர் ஏஜெண்டாக உட்காரலாம் என்று யாரோ யோசனை சொல்ல, கையெழுத்துப் போடு என்றான், போட்டாள். நோட்டீஸ் இல்லை, பிரசாரம் இல்லை. சீப்பு யாருடையது என்று தெருவில் ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது. "தப்பித் தவறி உன் பேர்ல அமுக்கிடாத" என்று சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்பினான். அவளும் சமத்தாகக் குடையில் அமுக்கிவிட்டு வந்தாள்.

எண்ணிக்கையில் அவன் ஒரே ஓட்டில் தோற்றான். சீப்புக்கும் ஒரே ஓட்டுதான் விழுந்திருந்தது. அதுவும் இந்தத் தெருச் சாவடியில்.

நாடாளுமன்றத் தேர்தல் என்றால் ஓர் ஓட்டு கடலில் கரைத்த பெருங்காயம், யார் தேடப்போகிறார்கள்? சட்டசபைக்கும் அப்படித்தான். வார்டு தேர்தலில் ஓட்டுக்கு முகம் உண்டு. அந்த முகம் இந்த வீட்டுக்குள்தான் எங்கோ இருந்தது. முடிவு வந்ததிலிருந்து அவளுக்கு வீடு வீடாக இல்லை. காய் நறுக்கும்போது பிடரியில் யாரோ பார்ப்பதுபோல் இருக்கும். திரும்பினால் யாரும் இருக்கமாட்டார்கள். துணி மடிக்கும்போது பக்கத்து அறையில் காலடி கேட்கும், சட்டென்று நின்றுவிடும். பேயென்றாலாவது பயந்து தொலைக்கலாம். இது அவளை வேண்டும் என்று நினைத்த ஓர் ஆள். வாழ வந்த நாளாக இந்த வீட்டில் அப்படி ஒருவரை அவள் கண்டதில்லை. அதுதான் அவளைத் தூங்கவிடவில்லை.

"அந்த ஒண்ணு எனக்கு வந்திருந்தா சமமாயிருக்கும். குலுக்கல் போட்டிருப்பாங்க. வீட்டுக்குள்ளயே குழி பறிச்சிருக்கீங்க."

தம்பி மனைவி பக்கம் திரும்பினான். "நீதானே? உள்ள போனவ வெளிய வர எவ்வளவு நேரம் ஆச்சு?"

"குடையிலதான் அமுக்கினேன் மாமா. சத்தியமா."

"உன் சத்தியத்தை உங்கப்பன் வீட்ல போய்ப் பண்ணு. தம்பி வரட்டும், இன்னிக்கே பெட்டியைக் கட்டச் சொல்றேன்."

அந்தப் பெண்ணின் உதடு கோணிக்கொண்டது. அம்மாவை மட்டும் அவன் கேட்கவில்லை. அவளுக்கென்று தனியாக ஒரு மனசு இருக்கும் என்று யார் கண்டது? நாடாளுமன்றத்துக்கு அப்பன் சொன்ன சின்னம், சட்டசபைக்குப் புருஷன் சொன்ன சின்னம், வார்டுக்கு மகன் சொன்ன சின்னம். மை வைத்த விரல் மட்டும்தான் அவளுடையது.

"அவளை விடுங்க," என்றாள் மனைவி. "நான்தான் போட்டேன்."

"நீயா?"

"என் பேரு இருந்துச்சு. போட்டேன்."

"கட்டின புருஷனுக்கு எதிரா?"

"எதிரா நிறுத்தினது நீங்கதானே."

அவன் எழுந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று கண்ணை மூடிக்கொண்டாள். தட்டு தரையில் விழுந்து உருளும் சத்தம் கேட்டது. "இனிமே உன் கையால தண்ணிகூடக் குடிக்கமாட்டேன்," என்று சொல்லிவிட்டு வாசற்கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனான். தம்பி மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

சிதறியதை அள்ளிவிட்டு அவள் பாத்திரம் கழுவப் போனாள். பொய் சொன்னதற்கு அவள் வருந்தவில்லை. அது பொய்யாக இருந்ததற்குத்தான் வெட்கப்பட்டாள். வார்டு முழுவதிலும் அவளை நம்ப ஒரே ஓர் ஆள் இருந்தார். அந்த ஆள் அவள் இல்லை.

பிடரியில் மறுபடியும் அந்தப் பார்வை. இந்தத் தடவை அது விலகவில்லை. மாமியார் பக்கத்தில் வந்து தன் தட்டைத் தொட்டியில் வைத்தாள். மருமகள் முகத்தைப் பார்க்காமல், குழாயைப் பார்த்துப் பேசினாள்.

"அடுத்த தடவை நீயும் போடு. ரெண்டு ஓட்டாயிடும்."