ஸ்ரெல்லாவின் சுட்டுவிரல்

குருநகர் றோஸின் மகள் ஸ்ரெல்லாவுடைய வலக்கைச் சுட்டுவிரல், 1984 ஐப்பசியிலிருந்து, கடலுக்குப் போய்த் திரும்பாத தகப்பன் வின்சன்ற் நிற்கும் திக்கையே காட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கையில் பிறவியிலேயே பெருவிரல் இல்லை. பிள்ளையை எந்தப் பக்கம் திருப்பிக் கிடத்தினாலும் விரல் மெல்லத் திரும்பி மேற்கே நீளும். சில கிழமை வடக்கே சாயும், மாரியில் தெற்கே இறங்கும். விரல் அசைகிறது, ஆகவே ஆள் உயிரோடு இருக்கிறான் என்பதில் ஊருக்குச் சந்தேகமில்லை. செத்தவர்களுக்கு வைக்கும் ஆத்துமப் பூசையை வின்சன்றுக்கும் வைக்கலாமா என்று சுவாமியார் கேட்டபோது, "உயிரோடை இருக்கிற மனிசனுக்கோ சுவாமி?" என்று றோஸ் எரிந்து விழுந்தாள்.

உயிரோடு இருக்கிறவன் ஏன் வரவில்லை? இதை மட்டும் யாரும் அவளிடம் கேட்கவில்லை. அவன் செத்திருந்தால் அழுது தீர்த்திருப்பாள். மகளின் கையைப் பார்த்தபடியே மீன் வெட்டினாள், அடுப்பு மூட்டினாள், பிள்ளைக்குச் சோறு தீத்தினாள். அவளோடு கதைக்க அந்த விரலை விட்டால் வேறொன்றுமில்லை.

1989இல் ஆஸ்பத்திரியில் தியாகராசா டொக்டர் கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "சுட்டுவிரலை எடுத்துப் பெருவிரலின்ரை இடத்திலை வைக்கலாம். பிள்ளை பேனை பிடிக்கும், கோப்பை பிடிக்கும். ஆனா பிறகு அது ஒருத்தரையும் காட்டாது, அம்மா."

றோஸ் பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்தவள்தான், ஆறு மாதம் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. பிள்ளையின் கையைத் தன் ஆசைக்குப் பிடித்துவைத்திருக்கிறோம் என்று அவளுக்கே தெரியும். தெரிந்தும் பாழாய்ப்போன மனம் கேட்கவில்லை. ஒருநாள் காலை பள்ளிக்கூடச் சட்டையின் தெறிகளைத் துளையில் மாட்டிப் பூட்டிவிடும்போது ஸ்ரெல்லா சொன்னாள்:

"நான் அப்பாவைக் காட்டிக்கொண்டே இருக்கிறன். அவர் வரேல்லைத்தானே. எனக்கு நானே தெறி பூட்ட வேணும் அம்மா."

றோஸ் அடுத்த நாளே கூட்டிக்கொண்டு போனாள்.

ஒப்பரேசன் முடிந்து ஆறாம் கிழமை கட்டு அவிழ்த்தார்கள். றோஸ் அந்தக் கையைக் கடல் பக்கம் திருப்பினாள், தரைப் பக்கம் திருப்பினாள். புதுப் பெருவிரல் மற்ற விரல்களை நோக்கியே மடங்கியது. ஸ்ரெல்லாவுக்கு மேல் தெறியைப் பூட்ட அரை மணித்தியாலம் பிடித்தது. உதவ வந்த தாயின் கையைத் தட்டிவிட்டாள்.

விரல் காட்டத் தொடங்கியதைப் போலவே, நிறுத்தியதையும் ஊர் பேசாமல் ஏற்றுக்கொண்டது. அன்று பின்னேரம் சின்னத்தங்கம் வந்தாள். அவளுடைய புருசனும் வின்சன்றோடு அதே வள்ளத்தில் போய்த் திரும்பாதவர். தன் புருசனைக் காட்ட ஒரு விரலும் இல்லாதவள், ஸ்ரெல்லாவின் விரல் காட்டிய காலம் முழுவதும் றோஸின் படலையைத் திறவாதவள்.

"இப்ப வின்சன்ற் எங்கை நிக்கிறாராம்?"

"தெரியாதக்கா."

சின்னத்தங்கம் தலையை ஆட்டிவிட்டு, றோஸுக்குப் பக்கத்தில் குந்தினாள்.