மீன்குடல் வாளி

"மின்னுற நகையைக் கழட்டி வைங்க, மீனுன்னு நெனச்சு சுறா பாயும். காயம் இருந்தா எறங்காதீங்க. தனியாப் போகாதீங்க. பொழுது சாயறதுக்குள்ள கரையேறிடுங்க."

ஓட்டல் கடற்கரையின் உயிர்காப்பாளன் வருகிறவர்களிடமெல்லாம் இதைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பான். சொல்லவேண்டிய ஒன்றை மட்டும் விழுங்கிவிடுவான். கடலுக்குள் நீட்டிக் கட்டிய சாப்பாட்டுக் கூடத்தின் சமையலறையிலிருந்து மத்தியானமானால் மீன்குடலையும் ரத்தத்தையும் வாளி வாளியாகத் தண்ணீரில் கொட்டுகிறார்களே, அதை. அந்த வாடைக்குச் சுறா வராமல் வேறென்ன வரும்?

ஒரு நாள் கூடத்துக்கு அடியிலேயே சுறாவைப் பார்த்துவிட்டு மேனேஜரிடம் ஓடினான்.

"சிவப்புக் கொடி ஏத்தணும் சார். வாளி கொட்டுறதையும் நிறுத்தணும்."

"கொடி ஏத்தினா ரூமெல்லாம் காலியாயிடும்பா. அது பாட்டுக்கு வருது, போகுது. இதுவரைக்கும் யாரைக் கடிச்சுது?" மேனேஜர் அவன் தோளில் தட்டினார். "வீட்டுக்காரம்மாவுக்கு வேலை கேட்டியே, நாளைக்கே சமையலறைக்கு வரச் சொல்லு."

வாயை அடைக்க ஒரு வேலை. அதுவும் என்ன வேலை? மீன் கழுவுகிற வேலை! வாளி இப்போது அவன் பெண்டாட்டி கைக்கே வந்துவிட்டது. எமகாதகன் அந்த மேனேஜர். இவனும் லேசுப்பட்டவனா? விசிலை மாட்டிக்கொண்டு காவல் மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டான். வீட்டில் மட்டும் ஒரு சட்டம் போட்டான்: மகள் அங்கே தண்ணீரில் கால் வைக்கக் கூடாது.

பள்ளிக்கூடம் லீவு. அம்மாவின் வேலை முடியும்வரை மகள் அப்பாவின் மேடை நிழலில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருப்பாள். அன்று, மகனைத் தண்ணீரில் விளையாட விட்டுவிட்டு வந்த ஒரு பெண் அவளிடம் பேச்சுக் கொடுத்தாள்.

"நீயும் போயேன்மா. நீச்சல் தெரியாதா?"

"நல்லாத் தெரியும் ஆன்ட்டி. மேல உக்காந்திருக்காரே, எங்கப்பாதான் சொல்லிக்குடுத்தாரு. ஆனா இங்க மட்டும் எறங்கக் கூடாதாம்."

"ஏனாம்?"

"அம்மா கொட்டுற வாளிக்குச் சுறா வருதாம். அம்மாகூடச் சண்டை போடறப்ப அப்பா சொன்னாரு."

அந்தப் பெண் மேடையை அண்ணாந்து பார்த்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் மகன் பெயரைக் கத்திக்கொண்டே தண்ணீருக்குள் ஓடினாள். பையனைத் தரதரவென்று இழுத்து வந்தாள். அவள் போட்ட கூச்சலில் மொத்தக் கூட்டமும் அலறியடித்துக்கொண்டு கரையேறியது.

"உன் புள்ளைன்னா உசுரு, எங்க புள்ளைன்னா இளக்காரமாய்யா? த்தூ!" மேடையைப் பார்த்துத் துப்பினாள் அந்தப் பெண்.

அவன் விறுவிறுவென்று இறங்கிப் போய், மடித்தே கிடந்த சிவப்புக் கொடியை எடுத்துக் கம்பத்தில் ஏற்றினான். கடலில் ஒரு குஞ்சு குளுவான்கூட இல்லை.

மகள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அதான் எல்லாரும் ஏறிட்டாங்களே. இப்ப எதுக்குப்பா?"