ஊசி முனைக்காக நின்ற லைன்

கைக்குழந்தைகளுக்குச் சட்டை தைக்கும் அந்தக் கம்பெனியில், தையல்காரியாக இருந்த அவளை ஒரு மெஷின் வரிசைக்கே பொறுப்பான லைன் சூப்பர்வைசர் ஆக்கியபோது, டை கட்டிய ஒருவரை வரவழைத்து, நல்ல தலைவருக்கு வேண்டிய குணங்கள் என்று ஒரு நாள் முழுக்க வகுப்பு நடத்தினார்கள். பொறுமையாகக் காது கொடுக்க வேண்டுமாம். சிரித்த முகமாக இருக்க வேண்டுமாம். துணிந்து முடிவெடுக்க வேண்டுமாம். நல்ல மனுஷன், வாய் வலிக்கப் பேசினார். மத்தியானம் யார்கூட உட்கார்ந்து சாப்பிடுவது என்பதை மட்டும் சொல்லாமல் போய்விட்டார்.

மறுநாள் அவள் டிபன் பாக்ஸோடு போனால் பெஞ்சில் கப்சிப். நேற்றுவரை அவள் டப்பாவில் கைவிட்டுத் தின்றவர்கள்தான், இன்று மரியாதையாக நகர்ந்து இடம் விட்டார்கள். இன்னும் மூன்று பேர் உட்காரலாம், அவ்வளவு இடம்.

மாறாதவள் ஒருத்திதான், பக்கத்து வீட்டுக்காரி. லைனில் அவளுக்கு வாயாடி என்று பெயர். "பெரிய மனுஷி ஆயிட்டா தரையில உக்கார மாட்டியோ? இங்க வாடி" என்று இழுத்து வைத்துக்கொள்வாள். வாயாடியின் புருஷன் விட்டுவிட்டுப் போனபிறகு அவள் மகளை வளர்த்ததில் பாதி சூப்பர்வைசரின் கை. தனிக்கட்டையான இவளுக்கு அந்தக் குழந்தைதான் எல்லாம். காய்ச்சல் வந்தால் 'பெரியம்மா' என்றுதான் முனகும். இப்போது அந்தப் பெண் வெளியூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். மாதம் ஒரு ஞாயிறுதான் பார்க்க விடுவார்கள். இருவரும் சேர்ந்துதான் போவார்கள்.

அந்த ஞாயிறுக்கு முந்தைய நாள் கம்பெனியில் ஒரே ஓட்டம். சாயங்காலம் சரக்கு லாரி ஏறிவிட்டால் நாளைக்கு லீவு, இல்லாவிட்டால் எல்லோரும் வேலைக்கு வர வேண்டும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். எல்லோருக்கும் கை பறந்தது.

கடைசிப் பெட்டிகளை ஒட்டிக்கொண்டிருந்தபோது வாயாடி சூப்பர்வைசரின் காதருகே குனிந்தாள்.

"மத்தியானம் என் ஊசி உடைஞ்சு போச்சுடி. முனை எங்க தெறிச்சுதுன்னே தெரியல. வேற ஊசி மாட்டி ஓட்டிட்டேன். உங்கிட்டங்கறதால சொல்றேன், கம்முன்னு இரு."

ஊசி உடைந்தால் லைன் நிற்க வேண்டும், எல்லாத் துண்டும் கைக்கு வரும்வரை ஒரு சட்டைகூட வெளியே போகக் கூடாது. அதுதான் அங்கே சட்டம். உள்ளே இரும்பு இருக்கிறதா என்று பெட்டிகளைச் சோதிக்கும் மெஷினோ ரிப்பேரில் கிடந்தது.

"ஐயோ, பச்சப் புள்ளைங்க போடற சட்டைடி!"

"தரையில விழுந்திருக்கும், விடு. லைன நிறுத்தினா நாளைக்கு என் பொண்ண பாக்க முடியுமா? நீயும்தான் பாக்க முடியுமா? ஒரு மாசமா வழி பாத்துட்டு இருக்காடி."

தெரியாதா அவளுக்கு? அந்தப் பெண்ணுக்கு வாங்கிய ரிப்பனைத் தினமும் எடுத்துப் பார்த்துவிட்டுத்தானே படுக்கிறாள்! ஒரு நிமிஷம் சும்மா இருந்துவிட்டால் போதும், லாரி போய்விடும். அந்த ஒரு நிமிஷம் அவள் சும்மாதான் நின்றாள். அப்புறம் போய் மெயின் சுவிட்சை அணைத்தாள்.

"ஒரு ஊசி முனையக் காணோம். எல்லாப் பெட்டியையும் பிரிங்க."

லைனே கொதித்தது. "நாளைக்கு லீவுன்னீங்களே மேடம்!" என்றாள் ஒருத்தி. "பதவி வந்தா இப்படித்தான்" என்றாள் இன்னொருத்தி, காதில் விழட்டும் என்றே.

மேனேஜர் ஓடி வந்தார். "யார் மெஷின்?"

வாயாடி தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"என் லைன் சார். பொறுப்பு என்னுது."

அத்தனை பேர் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டாள். உனக்கெல்லாம் எவன் இந்த வேலையைக் கொடுத்தான், உருப்படுவியா என்று மனுஷன் கரித்துக் கொட்டினார். லாரி காலியாகத் திரும்பிப் போனது.

காந்தத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சட்டையாகத் தடவினார்கள். முனை சூப்பர்வைசர் கையில்தான் அகப்பட்டது. கழுத்துப் பட்டியின் மடிப்புக்குள், குழந்தையின் தொண்டையில் படுகிற இடத்தில் இருந்தது. எதிரே நின்ற வாயாடியின் முகம் வெளுத்துப் போயிற்று. இப்போதாவது ஏதாவது சொல்வாள் என்று சூப்பர்வைசர் பார்த்தாள். அவள் மறுபடி பெட்டி கட்டப் போய்விட்டாள்.

கிளம்பும்போது சூப்பர்வைசர் அவளை வாசலில் மடக்கினாள். "நாளைக்கு நீ போய்ட்டு வாடி. உன் மெஷின்ல நான் உக்காந்துக்கறேன், மேனேஜர்கிட்ட கேட்டுட்டேன்." கூடவே, எப்போதும் கைப்பையிலேயே வைத்திருந்த அந்த ரிப்பனையும் நீட்டினாள்.

வாயாடி வாங்கிக்கொண்டாள். "சரிங்க மேடம்."

அடிப்பாவி, திட்டியிருக்கலாமே! நாலு பேர் முன்னால் சண்டை போட்டிருக்கலாமே! அன்று வீடுவரை சூப்பர்வைசர் தனியாகத்தான் நடந்தாள்.

ஞாயிறு முழுக்க அவள் தைத்தாள். லைனில் ஏதோ பேச்சு ஓடியது, சிரிப்பு எழுந்தது, அவள் பக்கம் வந்ததும் நின்றது. செய்தது சரிதான் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை வாயாடி வந்து மெஷினில் உட்கார்ந்தாள். சூப்பர்வைசரால் பொறுக்க முடியவில்லை. பக்கத்தில் போய் நின்றாள்.

"எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா மேடம்."

"என்னக் கேட்டாளா?"

வாயாடியின் கை துணிமேல் நின்றது. "கேட் மூடற வரைக்கும் வழியையே பாத்துட்டிருந்தா. பெரியம்மா பின்னாடி வர்றாங்கன்னு நெனச்சிட்டா."

"நீ என்ன சொன்ன?"

"இனிமே வர மாட்டாங்கன்னு சொல்லிட்டேன், மேடம்" என்று சொல்லிவிட்டு மெஷினை ஓட்டினாள்.