அக்காவுக்கு எழுதிய பக்கம்

மாப்பிள்ளை ஜாவாவில் இருந்ததால், அவனுக்குப் பதிலாக அவனுடைய அண்ணனைப் பக்கத்தில் நிறுத்தி, ஹாலந்து நாட்டு ஹார்லெமில் நெல்யாவுக்குக் கல்யாணத்தைப் பதிவு செய்தார்கள். கப்பல் ஒரு மாதம் எடுக்கும் என்பதால் அவள் விமானத்தில் கிளம்பினாள். அந்தக் காலத்தில் அது பெரிய துணிச்சல்.

“எதையும் மறைக்காம எழுதுடி” என்று அழுதாள் அக்கா டீனா.

கல்கத்தாவைத் தாண்டியதும் மழை பிடித்தது. நெல்யா மடியில் தாளை வைத்து அக்காவுக்கு எழுதிக்கொண்டிருந்தபோது, இடப்பக்க எஞ்சின் நின்றுபோனது. விமானம் தாழத் தொடங்கியது. கீழே கடல்.

“என்னம்மா, உயிலா எழுதுறீங்க?” என்றார் பக்கத்திலிருந்த சர்க்கரை வியாபாரி ஃபெர்ஹூஃப். அவர் முகமும் வெளுத்திருந்தது.

“அக்காவுக்குக் கடிதம்.”

“என் பொண்டாட்டிக்கும் ரெண்டு வரி எழுதிருங்க.”

“நாம மூழ்கினா கடிதம் மட்டும் நீந்திப் போகுமாக்கும்?”

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவள் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். கணவனை நினைக்க முயன்றாள். ஒரே ஒரு கோடைகாலம் பழகியவன். அவன் முகம் வரவே இல்லை.

விமானி பர்மாக் கரையை எட்டி, ஒரு சேற்று வயலில் இறக்கினார். யாருக்கும் அடிபடவில்லை.

அன்று மாலை, பக்கத்திலிருந்த அக்யாப் ஊர் விடுதியில், ‘பயணம் சுகம்’ என்று புதுத் தாளில் தொடங்கினாள். பிறகு அதைக் கிழித்துவிட்டு, பழைய கடிதத்தின் அடியில் எழுதினாள்: “சாகப்போகிறேன் என்று நினைத்தபோது உன் முகம்தான் வந்தது, அக்கா. அவனிடம் போகவே பயமாயிருக்கிறது.”

மனம் மாறுவதற்குள் அதைத் தபாலில் சேர்த்தாள். காலையில் எஞ்சினைச் சரிசெய்ததும், மறைக்காமல் எழுதிவிட்ட தெம்பில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தாள்.