புகைராணிக்கு இடதுகைப் பழக்கம்

“இருபத்தேழாம் இதழோட கடைசிப் பக்கத்தை மாத்தணும் சார். வரைஞ்சவங்க பேரை அட்டையில போடணும்.”

முதலாளியிடம் கேட்டுவிட்டேன். இந்த ஆபீஸில் எதை வேண்டுமானாலும் கேள், யார் வரைந்தது என்று மட்டும் வாயைத் திறக்காதே என்று நான் சேர்ந்த அன்றைக்கே வரவேற்பு மேசை அக்கா சொல்லியிருந்தாள். எனக்கு முன்னால் என் நாற்காலியில் உட்கார்ந்த இரண்டு பேர் அதைக் கேட்டுத்தான் வீட்டுக்குப் போனார்களாம். அம்மா அதற்கும் ஒருபடி மேலே. வேலை நிரந்தரம் ஆகிறவரை எதையுமே கேட்காதே, குடிக்கத் தண்ணீர்கூட இங்கிருந்தே கொண்டுபோ என்றாள். அவள் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். அப்பா லாரி ஓட்டுகிறார். எங்கள் இரண்டு பக்கச் சொந்தத்திலும் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். அதனால் நான் எங்கே நின்றாலும் எனக்குப் பின்னால் ஒரு ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும்.

சின்னவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சின்னவர் என்றால் சின்ன வயது என்று நினைக்க வேண்டாம், ஐம்பத்திரண்டு. அவருடைய அப்பா பெரியவர். பெரியவர் இருந்தவரை இவர் சின்னவர், பெரியவர் போன பிறகும் சின்னவர். நாற்பது வருஷத்துக்கு முன்னால் பெரியவர்தான் ‘வெள்ளிச்சுடர்’ என்ற மாதப் படக்கதை இதழைத் தொடங்கி, எழுதி, வரைந்து, விற்றவர். மொத்தம் நாற்பது இதழ். அவற்றைச் சேர்த்து ஒரே தடிப் புத்தகமாகக் கொண்டுவரத்தான் என்னை வேலைக்கு வைத்தார்கள். பழைய பக்கங்களை ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் எட்டு மடங்கு பெரிதாக்கி, அழுக்கையும் பூஞ்சைப் புள்ளியையும் ஒவ்வொன்றாக எடுப்பேன். எறும்புக்குச் சிக்கெடுக்கிற வேலை. ஆனால் எட்டு மடங்கில் பார்த்தால் யாரும் எதையும் ஒளிக்க முடியாது.

முதலில் கதாநாயகியைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளிச்சுடர் பறப்பாள், சுவரை உடைப்பாள், ரயிலை ஒற்றைக் கையால் நிறுத்துவாள். ஆனால் எங்கே போனாலும் கல்யாண போட்டோவுக்கு நிற்கிறவள் மாதிரி விறைப்பு. கட்டடம் தலையில் விழுந்தாலும் அதே புன்னகை. புயலில் கூந்தல் பறக்கும், வகிடு கலையாது. பத்து இதழ் துடைத்த பிறகு அவளைப் பார்த்தாலே எனக்குக் கொட்டாவி வந்தது.

எதிரி புகைராணி. தலைமுதல் கால்வரை கறுப்பு அங்கி, பாதி முகத்துக்கு முகமூடி. அவள் ஓடினால் மூச்சு வாங்கும். கோபம் வந்தால் மூக்கு விடைக்கும். வங்கியைக் கொள்ளையடித்துவிட்டு மூட்டையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நடுத்தெருவில் முழிப்பாள். ஒரு கட்டத்தில் தும்மல் வந்து ஒளிந்திருந்த இடத்தைக் காட்டிக்கொடுத்துக்கொள்வாள். அவளைத் துடைக்கிற நாட்களில் நான் மதியச் சாப்பாட்டை மறந்திருக்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, மணி பதினொன்று இருக்கும். பதினான்காம் இதழில் புகைராணி பூட்டைத் திறக்கிற கட்டத்தைப் பெரிதாக்கினேன். சாவி இடது கையில். அதற்கு என்ன என்று நகர்ந்தவள் நின்றேன். முந்தைய பக்கத்தில் துப்பாக்கி. இடது கை. அதற்கும் முன்னால் காவலன் கன்னத்தில் ஓர் அறை. இடது கை. கடைசிப் பக்கத்துக்குத் தாவினேன். கூண்டுக்குள் உட்கார்ந்து குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுகிறாள். வலது கை. மூக்கும் வேறு மூக்கு, கூர்மையான பொம்மை மூக்கு.

மற்ற இதழ்களைத் திறந்தேன். எல்லா இதழிலும் அதே கதை. உள்பக்கங்களில் இடது கை, கடைசிப் பக்கத்தில் வலது கை. எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்து மேசையில் யாராவது இருந்திருந்தால் கட்டிப்பிடித்திருப்பேன். யாருமில்லாததால் தண்ணீர் பாட்டிலைக் கட்டிப்பிடித்தேன். அவளை இரண்டு பேர் வரைந்திருக்கிறார்கள்.

அலமாரியில் மூலப் படங்கள் கட்டுக்கட்டாக இருந்தன. தூக்கி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். பெரியவர் பென்சிலால் வெள்ளிச்சுடரை முழுதாக வரைந்திருக்கிறார். எதிரி நிற்க வேண்டிய இடத்தில் வெறும் ஒரு பெருக்கல் குறி. அந்தக் குறிக்கு இந்தத் தொழிலில் ஒரே அர்த்தம்தான்: இங்கே கறுப்பு மை நிரப்பு. கறுப்பு அங்கிக்காரிதானே, மை பூசுகிறவர் பூசிக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறார். மை பூச வந்தவள் அந்தக் குறியின்மேல் ஒரு மனுஷியை நிறுத்தியிருக்கிறாள்.

பழைய வருகைப் பதிவேட்டை எடுத்தேன். காவலாளிக்கும் பெயர் இருந்தது. ஒரே ஒரு வரியில் மட்டும் பெயருக்குப் பதில் ‘மை போடும் பெண்’ என்று எழுதியிருந்தது. மூன்று வருஷமும் அப்படியே.

கடைசிப் பக்கம் மட்டும் ஏன் அவர் கை? அதற்கும் பதில் அந்தக் கட்டில் கிடந்த அச்சகச் சீட்டுகளிலேயே இருந்தது. உள்பக்கங்கள் கறுப்பு வெள்ளை, இங்கேயே அச்சானவை. அட்டை வண்ணம், வேறு அச்சகம், மூன்று வாரம் முன்னதாகவே கொடுத்துவிட வேண்டும். கதை முடிகிற பக்கம் பின்னட்டையின் உள்பக்கத்தில் இருந்தது. ஆக, கதையை யோசிப்பதற்கு முன்பே முடிவு அச்சாகி வந்துவிடும். என்ன கதையானாலும் முடிவில் கூண்டு, கூண்டுக்குள் புகைராணி, வெளியே இடுப்பில் கைவைத்து வெள்ளிச்சுடர். நாற்பது மாதமும் அவளை முதலில் பிடித்துப் போட்டுவிட்டுத்தான் ஓடவே விட்டிருக்கிறார்கள்.

இருபத்தேழாம் இதழில் இது மாட்டிக்கொண்டது. அந்த மாதம் பெரியவருக்குக் கண்ணில் அறுவைச் சிகிச்சை. உள்பக்கம் முழுவதும் மை போடும் பெண்ணே வரைந்திருக்கிறாள். நகரத் தலைவர் குடிநீரை ஒளித்துவைத்து விற்கிறார். புகைராணி நீர்த்தேக்கத்தின் பூட்டை உடைக்கிறாள். பிடிக்க வந்த வெள்ளிச்சுடர் கீழே குடங்களோடு நிற்கிற வரிசையைப் பார்க்கிறாள். அப்புறம் எதிரியின் கைவிலங்கைக் கழற்றிவிட்டு, “போ, நான் உன்னைப் பார்க்கவில்லை” என்கிறாள். பக்கத்தைத் திருப்பினால் கூண்டு! முழு வண்ணத்தில்.

அந்த மாதம் பிள்ளைகள் எழுதிய அறுபத்தொரு கடிதங்கள் ஒரு டப்பாவில் கிடந்தன. எல்லாரும் சொல்லிவைத்தாற்போல ஒரே விஷயம்தான் எழுதியிருந்தார்கள். எங்கள் புத்தகத்தில் ஒரு பக்கம் காணவில்லை, உடனே அனுப்பவும்.

காணாத பக்கம் நிஜமாகவே இருந்தது. கட்டின் அடியில், பழுப்பு உறைக்குள். தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் இரண்டு பேரும் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வெள்ளிச்சுடர் பூட்ஸைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கணுக்காலைச் சொறிகிறாள். வகிடு கலைந்திருக்கிறது. “கை வலிக்கிறதா?” என்று கேட்கிறாள். புகைராணி விலங்கு அழுத்திய இடது மணிக்கட்டை நீட்டிக் காட்டுகிறாள். அவ்வளவுதான் பக்கம். நான் கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்து மறுபடியும் பார்த்தேன்.

அக்காவிடம் யார் வரைந்தது என்று நான் கேட்கவில்லை. மை போட்ட பெண் இப்போது எங்கே இருப்பாள் என்றுதான் கேட்டேன். அக்கா வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, அந்தம்மா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார், என் தங்கைக்கு லைசென்ஸ் வாங்கிக்கொடுத்ததே அவர்தான் என்றாள்.

மறுநாள் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டுப் போனேன். கடைத்தெருவில் ஒற்றை அறை. வெள்ளைச் சட்டை, கழுத்தில் விசில், குட்டை முடியோடு ஒரு அம்மா கரும்பலகையில் நாற்சந்தி வரைந்துகொண்டிருந்தார். இடது கையில் சாக்பீஸ். பலகையில் வழிவிடாமல் வருகிற லாரிக்காரனுக்கு மூக்கு விடைத்திருந்தது. எனக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது.

“லைசென்ஸுக்கு வந்தியா, வம்புக்கு வந்தியா?” என்றார்.

நான் அந்தப் பக்கத்தின் நகலை மேசையில் வைத்தேன். வகுப்பில் இருந்த நான்கு பேரையும் வெளியே வண்டியைச் சுற்றிப் பார்க்க அனுப்பிவிட்டு உட்கார்ந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அழுவாரோ என்று பயந்தேன்.

“கணுக்கால் சரியா வரல” என்றார்.

அப்போது அவருக்கு இருபது வயதாம். கண்கட்டு அவிழ்த்துவிட்டு வந்த பெரியவர், இருபதாயிரம் அட்டை அச்சாகி வந்திருக்கிறது, உன் ஒரு பக்கத்துக்காக அதைக் குப்பையில் கொட்டவா என்று கேட்டாராம். அவளை நான் விட்டுவிட்டேன், நீங்கள் எதற்குப் பிடித்தீர்கள் என்று இவர் கேட்டிருக்கிறார். என்னமோ அத்தை மகளைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசுகிறாயே என்று பெரியவர் சிரித்தாராம். நாற்பதாம் இதழோடு இவர் நின்றுகொண்டார். இவர் நின்ற அடுத்த மாதம் இதழும் நின்றுபோனது. எதிரி நிற்க வேண்டிய இடத்தில் பெருக்கல் குறிதான் மிச்சம்.

“பேரைப் போட்டா போடட்டும், போடாட்டி கிடக்கட்டும். அந்தக் கூண்டை எடுக்கச் சொல்லு.” கிளம்பும்போது என்னை மேலும் கீழும் பார்த்தார். “கதை எழுத வருமா உனக்கு?”

வரும் என்றேன். எழுதியதே இல்லை. ஆனால் வாய் அப்படித்தான் சொன்னது.

“புகைராணிங்கற பேரு அவங்களோடது, அவங்களே வெச்சுக்கட்டும். வேற ஒருத்தியை வரையலாம். ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் இந்த வெயில்ல எவனும் வண்டி ஓட்டக் கத்துக்க வர மாட்டான். நீ வர்றதா இருந்தா வா. ஆனா வேலையை விட்டுட்டு வந்து என்கிட்ட மூக்கைச் சிந்தக் கூடாது, சொல்லிட்டேன்.”

இவ்வளவும் ஆன பிறகுதான் இன்றைக்குச் சின்னவர் முன்னால் வந்து நின்றேன். என் ஆபீஸ் நேரம் ஒன்பதிலிருந்து ஆறு. இரண்டிலும் கால் வைக்க முடியாது. அவர் சரி என்றால் இங்கேயே இருந்து இந்தப் புத்தகத்தை ஒழுங்காக முடிப்பேன். இல்லையென்றால் இல்லை. அதை நேற்றிரவே எனக்குள் பேசி முடித்துவிட்டேன்.

சின்னவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். உட்காரச் சொன்னார். ஸ்கூல் பை செய்கிற கம்பெனி ஒன்று வெள்ளிச்சுடர் படத்தைக் கேட்கிறதாம். இவை முழுக்க முழுக்க ஒருவரே வரைந்தவை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டுமாம். நான் கண்டுபிடித்ததை நாளை வேறு எவனாவது கண்டுபிடித்தால் வம்பு. அதனால் புகைராணியின் இடது கைகளை எல்லாம் வலது கைகளாக மாற்றிவிட வேண்டும். ஆதாரமாக நானே அவருக்கு எண்ணிக்கொடுத்த கணக்கு, முந்நூற்றுப் பன்னிரண்டு கட்டம்.

“கண்ணாடியில பாக்கற மாதிரி திருப்பிப் போட்டா முடிஞ்சது. கம்ப்யூட்டர்ல ஒரு தட்டுதானேம்மா?”

ஒரு தட்டு இல்லை. கட்டத்தைத் திருப்பினால் எழுத்தும் திரும்பிக்கொள்ளும். கையை மட்டும் அறுத்தெடுத்துத் தோளில் மாற்றி ஒட்ட வேண்டும். முந்நூற்றுப் பன்னிரண்டு தடவை. அவர் மேசைக்கு மேலே சாய்ந்தார்.

“செஞ்சு குடு. புத்தகத்துல உன் பேரைப் போடறேன். முதல் பக்கத்துலயே, அப்பா பேருக்குக் கீழே.”

ஆசை இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் ரேஷன் அட்டையைத் தவிர வேறு எதிலும் எங்கள் பெயர் அச்சானதில்லை. அந்தப் புத்தகத்தை அம்மா கடைக்குக் கொண்டுபோய், இஸ்திரி மேசையில் விரித்து, வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் காட்டுவதை அந்த ஒரு நொடியில் முழுதாகப் பார்த்துவிட்டேன். அவள் விரல் என் பெயர்மேல் இருந்தது. அடுத்த பக்கத்தை அவள் புரட்டுவாள். அங்கே நான் அறுத்து ஒட்டிய கை இருக்கும்.

“சார், உங்க அப்பா வலதுகைக்காரர். அவங்க இடதுகை. இதை மறைக்கறதுக்கு என் கையைக் கேக்கறீங்க” என்றேன்.

“கதையில வர்ற ஒரு வில்லிக்காக வேலையை விடுவியாம்மா நீ?” நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

“பதினெட்டு வயசுல சேர்ந்து மூணு வருஷம் வரைஞ்ச ஒரு ஆளுக்காக சார். அவங்களைத்தான் இன்னும் பெருக்கல் குறியாவே வெச்சிருக்கீங்க.”

அவர் மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தார். சாயங்காலம் வரை யோசி, வீட்டில் கேட்டுக்கொள், படித்த பெண் அவசரப்படாதே என்றார். படித்த பெண் என்று அவர் சொல்கிறபோது எப்போதும் ஒரு இனிப்பு இருக்கும், நாய்க்குட்டி கை கொடுத்ததைப் பாராட்டுகிற மாதிரி.

அலமாரிச் சாவியை அவர் மேசையில் வைத்தேன். காணாமல்போன பக்கம் அதே உறையில், அதே கட்டுக்கு அடியில் இருக்கிறது, பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். துடைத்து முடித்த முப்பத்தோரு இதழும் கம்ப்யூட்டரில் அப்படியே இருக்கின்றன, ஒரு கையைக்கூட நான் தொடவில்லை என்றும் சொன்னேன். நாளைக்கே என் நாற்காலியில் இன்னொருவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் திருப்பிப்போடலாம். அது எனக்குத் தெரியாமலில்லை. அது நானாக இருக்க மாட்டேன்.

“சாயங்காலம் வரைக்கும்னு சொன்னேனே” என்றார்.

“யோசிச்சிட்டுத்தான் சார் வந்தேன்.”

நெஞ்சு அடித்துக்கொண்டது. பயத்தில் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயக் கோட்டில் நிற்கும்போது அடிக்குமே, அந்த அடி. அம்மாவுக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் நாங்கள் வரையப்போகிறவளின் முதல் கட்டம் தெரிந்தது: ஒருத்தி ஒரு ஆபீஸ் கதவைத் திறக்கிறாள், அவளுக்குப் பறக்கத் தெரியாது. கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினேன். பின்னால் சின்னவர் போனில் யாரிடமோ கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும் என்று பேசத் தொடங்கியிருந்தார். நான் படியிறங்கிக்கொண்டிருந்தேன்.